வீட்டுப் பந்தலில் திராட்சை

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவுக்குப் பேச வருகிறவர்கள் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவது வழக்கம். ஆனால் தலைமையாசிரியர் ஐயா என்னிடம், "நீங்க வீட்டுல திராட்சை போட்டிருக்கீங்களாமே, அதைப் பத்தியே பேசுங்க. பிள்ளைகளுக்கும் பிடிக்கும், பெற்றோருக்கும் உபயோகமா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். கல்வியைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். ஆகவே, நான் திராட்சையைப் பற்றியே பேசுகிறேன்.

மாணவர்களே, திராட்சை என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது? நரிதான்! எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, பழம் புளிக்கும் என்று சொல்லிக்கொண்டு போன நரி. நம் நாட்டிலும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். "இது மழை நாடு. திராட்சை குளிர்தேசத்துப் பழம். இங்கே வராது. வந்தாலும் புளிக்கும்" என்கிறார்கள். இப்படிச் சொல்பவர்களில் பாதிப்பேர் நட்டுப் பார்க்காதவர்கள். மீதிப்பேர் நட்டவர்கள்; ஆனால் வெட்டாதவர்கள். அது என்ன வெட்டுவது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நம்மை இந்த நாட்டுக்கு அழைத்து வந்த ரப்பர் மரமும் இந்த மண்ணில் பிறந்ததல்ல. பிரேசில் நாட்டுக் காட்டிலிருந்து விதையாக லண்டன் போய், அங்கிருந்து 1877-ஆம் ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் இருந்த ரிட்லி என்பவர் அதை நடச்சொல்லித் துரைமாரிடம் மன்றாடியபோது அவருக்குக் கிடைத்த பட்டம் "பைத்தியக்கார ரிட்லி". அந்தப் பைத்தியக்காரர் காட்டிய வழியில்தான் பின்னாளில் நம் பாட்டன் பாட்டிமார் இலட்சக்கணக்கில் பால்மரம் நட்டார்கள். ஆகவே, "இங்கே வராது" என்ற சொல்லை மட்டும் சீக்கிரம் நம்பிவிடாதீர்கள்.

திராட்சை குளிரில் மட்டும்தான் வரும் என்பதும் சரியல்ல. தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை ஆண்டு முழுவதும் அறுவடையாகிறது. அந்தப் பழத்துக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. நமக்குப் பக்கத்தில் தாய்லாந்திலும், இந்தோனேசியாவின் பாலித் தீவிலும் திராட்சை விளைகிறது. அங்கெல்லாம் பனி கொட்டுகிறதா, என்ன?

இப்போது என் கதைக்கு வருகிறேன். தாமான் வீட்டின் பின்புறம், துணி காயப்போடும் இடத்தில் ஒரு கன்று வைத்தேன். கொடி என்றால் கொடி, அப்படி ஒரு கொடி! ஒரு வருடத்தில் பந்தலை மூடிவிட்டது. இரண்டாம் வருடம் கூரைக்குப் போனது. மூன்றாம் வருடமும் வந்தது. ஒரு பூ இல்லை, ஒரு பிஞ்சு இல்லை. "துணி காய வெயில் இல்லாமப் போச்சு. இந்த இலையை வச்சிக்கிட்டு என்ன செய்றது, கறிக்காவது ஆகுமா?" என்று வீட்டம்மா கேட்டார். வேரோடு பிடுங்கிப் போட முடிவு செய்துவிட்டேன்.

அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு, முன்பு தோட்டத்தில் பக்கத்து லயத்தில் இருந்த ஒரு பெரியம்மா வந்திருந்தார்கள். நாற்பது வருடம் பால்வெட்டியவர்கள். பந்தலை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏன்டா தம்பி, இதை எப்ப வெட்டுனே?" என்றார்கள். "வெட்டவே இல்ல பெரியம்மா, பாவம், வளரட்டும்னு விட்டேன்" என்றேன். சிரித்துவிட்டார்கள். "வெட்டாத மரம் எங்கேடா பால் குடுக்கும்?" என்றார்கள்.

திராட்சை பற்றிய புத்தகம் எதையும் அவர்கள் படித்ததில்லை. ஆனால் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. குளிர்நாட்டில் பனிக்காலம் வந்ததும் திராட்சைக்கொடி இலையை உதிர்த்துத் தூங்கிவிடும். வசந்தத்தில் விழித்துப் புதுத் தளிர் விடும். அந்தத் தளிரில்தான் பூ வரும். நம் நாட்டில் பனிக்காலம் இல்லை. கொடிக்குத் தூக்கமும் இல்லை. அது பாட்டுக்கு இலையாக வளர்ந்துகொண்டே போகும். ஆகவே, பனி செய்கிற வேலையை நாம் கத்தரியால் செய்ய வேண்டும். கவாத்து என்பது அதைத்தான். அதைச் செய்தால் ஒரே வருடத்தில் இரண்டு முறைகூட அறுவடை எடுக்கலாம். குளிர்நாட்டானுக்கு ஒரு முறைதான்!

சரி, எப்படி நடுவது? விதை போடாதீர்கள். விதையில் முளைப்பது தாய்க்கொடியின் குணத்தோடு வராது. நன்றாக முற்றிப் பழுப்பு நிறமான, பென்சில் பருமன் உள்ள குச்சியை மூன்று நான்கு கண்களோடு வெட்டிக்கொள்ளுங்கள். கண் என்றால் கணுவில் இருக்கும் மொட்டு. இரண்டு கண் மண்ணுக்குள், மீதி மேலே. நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று மாதத்தில் வேர் பிடித்துவிடும். தலைகீழாக மட்டும் ஊன்றிவிடாதீர்கள். நான் முதல் தடவை ஐந்து குச்சியை அப்படித்தான் ஊன்றினேன்!

எந்த இனம் என்று கேட்பீர்கள். இசபெல்லா என்ற கறுப்புத் திராட்சை நோயைக் கொஞ்சம் தாங்கும். தோல் தனியாகக் கழன்று வரும். பன்னீர்த் திராட்சை இனிப்பும் மணமும் உள்ளது. ஆனால் மழையில் கவனம் வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இசபெல்லாவில் தொடங்குவது நல்லது.

இடம் வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். குறைந்தது ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். இரண்டடி நீளம், அகலம், ஆழத்துக்குக் குழி எடுத்து, மக்கிய மாட்டெருவோ ஆட்டெருவோ கலந்து, களிமண்ணாக இருந்தால் மணலும் சேர்த்து மூடுங்கள். நம் நாட்டு மண் பெரும்பாலும் புளிப்பு மண். இரண்டு கை சுண்ணாம்புத் தூள் சேர்த்தால் நல்லது. குழியைத் தரைமட்டத்தோடு விடாமல் ஓரடி மேடாக்கி அதன்மேல் நடுங்கள். திராட்சைக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் தண்ணீரில் நிற்கக் கூடாது.

பந்தல் ஆறு ஏழடி உயரம் போதும். கன்றில் பல தளிர் வந்தாலும் ஒன்றை மட்டும் விட்டு, கம்பு நட்டுக் கட்டி, நேராகப் பந்தலுக்கு ஏற்றுங்கள். பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். இரண்டு பக்கமும் கை பிரியும். அந்தக் கைகளிலிருந்து வரும் கிளைகள்தாம் நமக்குக் காய்ப்பவை. வசதி இருந்தால் பந்தலுக்குமேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூரை போடுங்கள். இலை நனையாமல் இருந்தாலே பாதி நோய் வராது.

கிளைகள் பச்சை மாறிப் பழுப்பாகி, பென்சில் பருமன் வந்ததும் கவாத்து செய்யலாம். நட்டுச் சுமார் பத்து மாதம் அல்லது ஒரு வருடம் ஆகும். ஒவ்வொரு கிளையிலும் நாலைந்து கண் மட்டும் விட்டுவிட்டு மீதியை வெட்டிவிடுங்கள். குச்சியில் மிச்சமிருக்கும் இலைகளையும் கிள்ளி எடுத்துவிடுங்கள். பார்க்கப் பரிதாபமாக, மொட்டையாக இருக்கும். வெட்டிய இடத்தில் சொட்டுச் சொட்டாக நீர் வடியும். "கொடி அழுகிறதே" என்று வீட்டில் சொல்வார்கள். பயப்பட வேண்டாம். வேர் உயிரோடு வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஒன்றிரண்டு வாரத்தில் கண் விழிக்கும். புதுத் தளிரோடு சேர்ந்தே சின்னச் சின்னக் கொத்தாகப் பூமொட்டுத் தெரியும். அதை முதன்முதலில் பார்த்த அன்று வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். துணி காயப்போட இடமில்லை என்று சொன்னவர், மறுநாளே துணிக்கொடியை வீட்டின் முன்பக்கம் மாற்றிக் கட்டிவிட்டார்! கவாத்து செய்ததிலிருந்து சுமார் ஒரு மாதத்தில் பூக்கும். நாலு மாதத்தில் பழம் கைக்கு வரும். அந்தக் கணக்கை வைத்து, பழம் முற்றும் சமயம் உங்கள் ஊரில் மழை குறைந்த மாதமாக வருகிற மாதிரி வெட்டும் நாளை வைத்துக்கொள்ளுங்கள். கெடா, பெர்லிஸ் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி. அவர்கள் நவம்பர் பாதியில் வெட்டலாம். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊர் மழையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

உரத்தைக் கொட்டாதீர்கள். தழைச்சத்து அதிகமானால் மறுபடியும் இலைதான். காய் பிடித்ததும் சாம்பல்சத்து வேண்டும். விறகு எரித்த சாம்பலிலும் அது உண்டு. முதல் தடவை ஒரு தளிருக்கு ஒரு கொத்துமட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். கைகாலில் பலம் வராத பிள்ளையின் தலையில் மூட்டை ஏற்றலாமா?

பழம் நிறம் மாறியதும் பறித்துவிடாதீர்கள். வாழைப்பழம் மாதிரி பறித்த பிறகு பழுக்கிற பழம் அல்ல இது. கொடியில் எவ்வளவு இனிப்போ, அவ்வளவுதான். கொத்தின் அடி நுனியில் இருக்கும் பழம்தான் கடைசியாக இனிக்கும். அதைத் தின்று பாருங்கள். அது இனித்தால் கொத்து முழுக்க இனிப்பு. பறவைக்கும் அணிலுக்கும் இந்த விவரம் நமக்கு முன்னாலேயே தெரியும். ஆகவே, கொத்துக்குக் காகிதப் பை கட்டிவிடுங்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். இங்குதான் பெற்றோர்கள், அதிலும் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்கிறவர்கள், என் பேச்சைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும்.

மழைநாட்டில் திராட்சைக்குப் பெரிய எதிரி அடிச்சாம்பல் நோய் என்ற பூஞ்சை. இலையின் மேலே எண்ணெய் பட்ட மாதிரி மஞ்சள் புள்ளி. திருப்பிப் பார்த்தால் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது போல் இருக்கும். இந்த நோய் 1878-இல் பிரான்ஸ் நாட்டுக்கு வந்து அங்குள்ள திராட்சையை ஆட்டிப் படைத்தது. போர்தோ நகரப் பேராசிரியர் மில்லார்டே, 1882-இல் ஒரு விந்தையைக் கண்டார். சாலையோரக் கொடிகளில் மட்டும் நோய் இல்லை. காரணம் கேட்டால், வழியில் போகிறவர்கள் பழத்தைத் திருடாமல் இருக்க, விஷம் போல் தோன்றட்டும் என்று மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்களாம். திருடனுக்கு வைத்த மருந்து பூஞ்சையைப் பிடித்தது! மில்லார்டே ஆராய்ந்து 1885-இல் அதை உலகுக்குச் சொன்னார். அதுதான் போர்தோக் கலவை. மாணவர்களே, கண்ணில் பட்டதை, "ஏன்?" என்று கேட்டவர் அவர். அந்தக் கேள்விதான் படிப்பு.

வீட்டிலேயே இதைச் செய்யலாம். பிளாஸ்டிக் வாளியில் அரை லிட்டர் தண்ணீரில் 10 கிராம் மயில்துத்தம், வேறொரு வாளியில் அரை லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சுட்ட சுண்ணாம்பு. துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளப்பான இரும்பாணியை அதில் விட்டுப் பாருங்கள். ஆணியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும். கையுறையும் முகமூடியும் அவசியம். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். பழம் நிறம் மாறத் தொடங்கியபின் தெளிக்காதீர்கள். பறித்த பழத்தை நன்றாகக் கழுவித்தான் தின்ன வேண்டும்.

இதையெல்லாம் நான் ஒழுங்காகத்தான் செய்தேன். ஆனால் தெளிக்கப் பம்பு இல்லை. தெரிந்தவர் ஒருவரிடம், தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கும் பம்பை இரவல் வாங்கி வந்தேன். இரண்டு தடவை தண்ணீர் விட்டுக் கழுவினேன். மூக்கை வைத்தும் பார்த்தேன், வாடை இல்லை. கலவையை ஊற்றித் தெளித்தேன்.

சில நாளில் வந்த புது இலையெல்லாம் இலையாகவே இல்லை. குறுகிச் சுருங்கி, நரம்பெல்லாம் ஒன்று சேர்ந்து, மடக்கிய விசிறி மாதிரி நின்றது. பிஞ்சு உதிர்ந்தது. நோய் என்று நினைத்து இலையைப் பறித்துக்கொண்டு விவரம் தெரிந்த ஒருவரிடம் போனேன். பார்த்ததுமே அவர், "பக்கத்துல 2,4-டி அடிச்சாங்களா?" என்று கேட்டார். அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்து அது. திராட்சைக்கு அதன் காற்றுப் பட்டாலே ஆகாது. கழுவிய பம்பின் குழாயிலும் வாஷரிலும் ஒட்டியிருந்த மிச்சமே போதுமாயிருந்தது.

வீட்டுக்கு வந்து அந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கொடியின் ஞாபகம் இல்லை. என் அம்மாவின் ஞாபகம்தான்.

என் அம்மா தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்தவர். நாலு கேலன் பம்பு முதுகில். வெறுங்கை. முகத்தில் ஒரு பழைய துண்டு. பம்பு ஒழுகினால் முதுகெல்லாம் நனையும். மூக்கில் இரத்தம் வரும். "உடம்புச் சூடு" என்று சொல்லி இளநீர் குடிப்பார். விரல் நகம் வெளுத்து உடைந்து விழும். "வேலை செய்ற கை அப்படித்தான்டா இருக்கும்" என்பார். அந்தக் கையால்தான் எனக்குச் சோறு ஊட்டினார். அந்தச் சம்பளத்தில்தான் நான் இந்தப் பள்ளிக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். கழுவிய பம்பில் மிஞ்சிய சொட்டுக்கே கொடி ஒரு வாரத்தில் இலையைச் சுருட்டி, "எனக்கு ஆகவில்லை" என்று சொல்லிவிட்டது. என் அம்மா பல வருடம் சுமந்தும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடுமே!

நகத்தையும் மூக்கையும் அப்படிச் செய்வது பாராகுவாட் என்ற களைமருந்து. அதைக் குடித்துவிட்டால் முறிவு மருந்து கிடையாது. நம் நாட்டில் அது 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நிலையைப் பற்றித் தெனாகனித்தா அமைப்பு 2002-ஆம் ஆண்டிலேயே ஆய்வறிக்கை வெளியிட்டுக் குரல் கொடுத்தது. தடை வந்தது நல்லது. ஆனால் ஒரு மருந்து போனால் இன்னொரு மருந்து வருகிறது. ஆகவே, உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன்: தோட்டத்துப் பம்பை வீட்டுச் செடிக்குக் கொண்டு வராதீர்கள். மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைக்காதீர்கள். பிள்ளைக்குப் போத்தல்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. கையுறையும் முகமூடியும் கேட்டு வாங்குங்கள். அது பிச்சை அல்ல, உங்கள் உரிமை. வேலை முடிந்து வந்ததும், குளிக்காமல் பிள்ளையைத் தூக்காதீர்கள். அந்த உடுப்பைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். மூக்கில் இரத்தம் வந்தால் சூடு என்று விடாமல், மருத்துவரிடம் போய் என்ன மருந்து அடித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

மாணவர்களே, நீங்களும் ஒரு வேலை செய்ய வேண்டும். மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் தாளை வாசித்து உங்கள் அம்மா அப்பாவுக்குச் சொல்லுங்கள். என் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் நான் ஒரு நாளும் வாசித்துக் காட்டவில்லை. பாடப்புத்தகத்தை மட்டும்தான் வாசிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வயதிலும் எனக்கு அது உறுத்துகிறது.

என் கொடி பிழைத்துக்கொண்டது. கெட்ட தளிரையெல்லாம் வெட்டி, ஓய்வு கொடுத்து, புதுப் பம்பு வாங்கினேன். அடுத்த கவாத்தில் காய்த்தது. முதல் கொத்தை அம்மாவின் படத்துக்குமுன் வைத்தோம்.

முடிக்குமுன் ஒரு வார்த்தை. இன்றைக்குப் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். வாங்காத பிள்ளைகளே, உங்கள் கட்சி நான். ஆறு வருடம் இந்தப் பள்ளியில் படித்து, ஒரு வருடமும் இந்த மேடைக்கு நான் ஏறியதில்லை. திராட்சையில் ஒரு சங்கதி உண்டு. அடுத்த தடவை வரப்போகும் பூ, இந்தத் தடவை வளர்கிற தளிரின் கண்ணுக்குள் இப்போதே உருவாகத் தொடங்கிவிடுகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்தக் கண்ணுக்கு வெயில் பட்டால் பூவாகும். நிழலில் கிடந்தால் வெறும் இலையாகும். பெற்றோர்களே, ஆறாம் வகுப்பு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளை, புது மொழியிலும் புது இடத்திலும் முதல் வருடம் தடுமாறத்தான் செய்யும். மூன்று வருடம் காய்க்கவில்லை என்று நான் கொடியைப் பிடுங்கப் போன மாதிரி, படிப்பைப் பிடுங்கிவிடாதீர்கள். அதற்கு வெயில் படுகிறதா என்று பாருங்கள்.

கவாத்தில் வெட்டிய குச்சிகளை நான் எறிவதில்லை. முப்பது குச்சியைப் பையில் ஊன்றி, வேர் பிடித்ததும் இன்றைக்கு இங்கே கொண்டு வந்திருக்கிறேன். வாசல் பக்கம் மாமரத்து நிழலில் இருக்கின்றன. இன்று பரிசு வாங்காத பிள்ளைகள் போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போங்கள். மீதியைப் பள்ளித் தோட்டத்தில் வையுங்கள். எப்போது வெட்டுவது என்று தெரியாவிட்டால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், நான் கத்தரியோடு வருகிறேன்.